ஒற்றை அசைப் பேச்சு: ‘ம்’, ‘வா’, ‘ஏன்’ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வருகிற மனத்தாங்கல்களைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு குட்டிச் சொல் கிடக்கும். ‘வா’ என்றாரா, ‘வாங்க’ என்றாரா? ‘ம்’ என்றது சம்மதமா, சலிப்பா? ‘ஏன்’ என்று கேட்டது அக்கறையிலா, அதட்டலிலா? இந்தப் பக்கம் அந்தக் குட்டிச் சொற்களைப் பற்றியது. என் கட்சி இதுதான்: தமிழில் சொல் சுருங்குவது நெருக்கத்துக்கு அடையாளம். நெருக்கம் இருக்கிற இடத்தில் அது இனிக்கும். இல்லாத இடத்தில் அதே சொல் குத்தும். இதற்கு ஒத்துவராத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

ஓரெழுத்துச் சொல்லும் ஓரசைச் சொல்லும் ஒன்றா?

இல்லை. ‘வா’ என்பது ஓரெழுத்து, ‘கண்’ என்பது ஈரெழுத்து. ஆனால் இரண்டையும் வாய் ஒரே தட்டில் சொல்லி முடித்துவிடுகிறது. யாப்பிலும் இரண்டுமே நேரசைதான். இங்கே பேசப்போவது இப்படி ஒரே தட்டில் முடிகிற சொற்களைப் பற்றி. ‘சரி’, ‘இரு’ போன்றவை காதுக்கு இரண்டு தட்டு. ஆனாலும் செய்கிற வேலை ஒன்றுதான் என்பதால் நடுநடுவே அவையும் வரும்.

தமிழில் இப்படி எத்தனை சொற்கள் இருக்கின்றன?

ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. நெடில் 40, அவற்றோடு ‘நொ’, ‘து’ என்ற இரண்டு குறில். பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல்தான். ஆனால் இன்றைய வாயில் அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஈ, பூ, தீ, கை, பை, மை, வா, போ, தா, நீ போன்றவை தினமும் வருகின்றன. அம்பைக் குறிக்கும் ‘ஏ’, இறைச்சியைக் குறிக்கும் ‘ஊ’, பூமியைக் குறிக்கும் ‘கூ’ எல்லாம் செய்யுளோடு நின்றுவிட்டன. ‘நா’ நாக்கு ஆகிவிட்டது, அரைத்த ‘மா’ இப்போது மாவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் அதிகம் சொல்கிற ஒற்றை ஒலியான ‘ம்’ இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதில் உயிரெழுத்து கிடையாது; அரை மாத்திரை அளவுள்ள வெறும் மெய். இலக்கணக் கணக்கில் அது சொல்லாகவே நிற்க முடியாது. அச்சில் கொண்டுவர வேண்டியிருக்கும்போது பழைய எழுத்தாளர்கள் ‘உம்’ என்று முன்னால் ஓர் உயிரைச் சேர்த்து எழுதியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பேசும்போது ‘கண்’ ஏன் ‘கண்ணு’ ஆகிவிடுகிறது?

பேச்சுத் தமிழுக்கு மெய்யில் முடிகிற ஓரசைச் சொல் அவ்வளவாகப் பிடிக்காது. கண், பல், முள், நெல் எல்லாம் வாய்க்கு வரும்போது கண்ணு, பல்லு, முள்ளு, நெல்லு. நெடில் வந்தால் மெய் இரட்டிக்காது, உகரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்: ஊரு, பாலு, நாளு, யாரு. யகரத்தில் முடிந்தால் இகரம்: நெய்யி, பொய்யி. ‘பெண்’ பொண்ணு ஆவதும் இந்தக் கூட்டத்தில்தான். இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை மாவட்டங்களில் இத்தனை கோடிப் பேர் ஒரே விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள் என்றால் அதற்குப் பெயர் இலக்கணம்தான்.

தப்பித்த சொற்கள் சில உண்டு. நான், ஏன், தான் மூன்றும் உகரத்தை வாங்கிக்கொள்ளாமல், கடைசி ‘ன்’னை மூக்கில் கரைத்துவிட்டு ஒரே அசையில் நிற்கின்றன. வா, போ, தா, நீ ஆகியவை ஏற்கெனவே உயிரில் முடிவதால் அவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. ஆக, பேச்சில் முழுசாக ஓரசையில் முடியும் சொற்கள் எழுத்தில் இருப்பதைவிடக் குறைவு. குறைவு என்பதாலேயே அவை காதில் தனியாக விழுகின்றன.

சாலையோரப் பலகையில் ‘நில்’ என்று இருக்கிறது. தெருவில் யாரும் ‘நில்’ என்பதில்லை. ‘நில்லு’ என்போம், அல்லது ‘இரு இரு’ என்போம். உகரம் இல்லாத அந்த ‘நில்’லில் பேசுகிற ஆளே தெரிவதில்லை, அதிகாரம் மட்டும்தான் தெரிகிறது. பலகைக்கு அது பொருத்தம். அதே தொனியை ஒருவர் வீட்டுக்குள் கொண்டுவந்து, ‘நில்’, ‘சொல்’, ‘கேள்’ என்று பிள்ளையிடம் பேசினால் அந்தப் பிள்ளை பயந்துபோவதில் ஆச்சரியமில்லை.

‘வா’, ‘போ’ என்றாலே மரியாதைக் குறைவுதானா?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தமிழில் வினையின் வேரும் ஒருமை ஏவலும் பெரும்பாலும் ஒன்றுதான். வா, போ, தா. மேலே எதுவும் ஒட்டவில்லை என்றால் அது ஒருவரை ‘நீ’ என்று வைத்துப் பேசுவது. மரியாதை வேண்டுமென்றால் சொல்லை வளர்க்க வேண்டும்: வாங்க, வாருங்கள். இன்னும் பணிவு வேண்டுமென்றால் ‘வர்றீங்களா’, ‘கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா’. மரியாதை ஏற ஏற அசையும் ஏறுகிறது. ‘வா’ என்பது அத்தனையையும் கழற்றி வைத்துவிட்ட நிலை. யார் முன்னால் அப்படிக் கழற்றலாம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பல வீடுகளில் அப்பாவுக்கு ‘நீங்க, வாங்க’, அம்மாவுக்கு ‘நீ, வா’. அம்மாவுக்கு மரியாதை குறைவு என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். அம்மாவிடம் எதையும் மேலே போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை, அவ்வளவுதான். முருகனையும் மாரியம்மனையும் ‘நீ’ என்றே அழைக்கிறோம். ‘வாங்க முருகா’ என்று யாரும் உருகுவதில்லை. பழைய நண்பன் திடீரென்று ‘வாங்க, உட்காருங்க’ என்று ஆரம்பித்தால் என்னவோ கோபம் என்று புரிந்துவிடும். இங்கே தள்ளி வைப்பது நீளமான சொல்.

இதே ‘வா’ குத்துகிற இடத்தை நகரப் பேருந்தில் பார்க்கலாம். படிக்கட்டில் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கும். நடத்துநர் ‘உள்ள போ, உள்ள போ, எவ்வளவு இடம் கிடக்கு’ என்று சத்தம் போடுவார். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் ‘போ’ கூட்டத்துக்குச் சொன்னது. அதை வாங்கிக்கொள்ளத் தனி ஆள் யாரும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் அதே நடத்துநர், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் தோளைத் தட்டி ‘உள்ள போ’ என்கிறார். அவர் உடனே திரும்புவார்: ‘என்ன போ வான்ற?’ சொல்லும் அதுவே, சொன்னவரும் அவரே. ஆனால் கேட்டவருக்கு இப்போது முகம் இருக்கிறது, வயது இருக்கிறது. ‘உள்ள போப்பா’ என்றோ ‘போங்க சார்’ என்றோ இன்னும் ஓர் அசை சேர்த்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அந்த நடுவழிச் சொற்கள் தமிழின் பெரிய வசதி. வாப்பா, வாம்மா, வாய்யா, வாடா, வாடி, வாயேன். ஒருமையின் நெருக்கமும் போகவில்லை, மொட்டையாகவும் இல்லை. ‘வாயேன்’ என்பதில் கெஞ்சல், உரிமை, கொஞ்சம் செல்லம் எல்லாம் சேர்ந்திருக்கிறது.

ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். இந்த ஒற்றை அசை நம் ஊரில் நெருக்கத்துக்கு மட்டும் பயன்படவில்லை. வயலில் வேலை செய்த முதியவரை நிலம் வைத்திருந்த வீட்டுச் சிறுவன்கூட ‘வா, போ’ என்று கூப்பிட்ட வழக்கம் சாதியின் பெயரால் நடந்தது. அவர் பதிலுக்குச் சிறுவனை ‘வாங்க’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, மறுபக்கம் சுருங்க அனுமதி இல்லாவிட்டால் அது நெருக்கம் இல்லை, அடக்குமுறை. இன்றும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை, தூய்மைப் பணியாளரை, காவலாளியை, ஆட்டோ ஓட்டுநரை ‘வா, போ’ என்கிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் நம்மைத் திருப்பி ‘வா, போ’ என்றால் ஏற்றுக்கொள்வோமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று பதில் வந்தால், அடுத்த முறையிலிருந்து ‘வாங்க’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இலங்கையிலும் கொங்கு நாட்டிலும் இது எப்படி?

யாழ்ப்பாணப் பேச்சில் வா, வாரும், வாங்கோ என்று மூன்று படி. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் ‘நீர்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த நடுப்படி பேச்சிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது, அதன் வேலையைத்தான் ‘ப்பா’, ‘ம்மா’ பார்க்கின்றன. தமிழ்நாட்டின் ‘ஆமா’வுக்கு அங்கே ‘ஓம்’. ஒரே அசையில், தடையில்லாமல், முழுச் சம்மதம். முதல்முறை கேட்கிற தமிழ்நாட்டுக்காரருக்குக் கோயில் நினைவு வரும். இரண்டு நாள் பழகினால், இதைவிடச் சுருக்கமாகவும் மரியாதையாகவும் ‘ஆம்’ சொல்ல முடியாது என்று தோன்றிவிடும்.

கோவைப் பக்கம் வேறு வழி. அங்கே ‘ங்க’ எல்லாவற்றிலும் ஏறிக்கொள்கிறது: சரிங்க, ஆமாங்க, இல்லீங்க. பல சமயம் அது ‘ஏனுங்’ என்று தேய்ந்து ஒரு மூக்கொலியாக மட்டும் மிஞ்சும். மரியாதைக்கு அந்த ‘ங்’ போதும்.

பழைய இலக்கணம் இதையெல்லாம் கவனித்ததா?

நன்றாகவே. ஒன்றைக் கேட்டு வாங்குவதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள் உண்டு என்று சொல்லிவிட்டு, எதை யார் சொல்வார் என்பதையும் தொல்காப்பியம் பிரிக்கிறது: ‘ஈ’ தாழ்ந்தவன் கூற்று, ‘தா’ ஒத்தவன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தவன் கூற்று. மனிதர்களை இப்படி அடுக்குவது நமக்கு உவப்பில்லை என்பது வேறு விஷயம். பேச்சைக் கவனித்த காது கூர்மையானது. என் கட்சிக்கு ஒத்துவராத இடமும் இதுவே: மூன்றில் மிகச் சிறிய ‘ஈ’ அதிகாரத்தின் சொல் இல்லை, கையேந்துகிறவரின் சொல். இன்று அந்த ‘ஈ’ பேச்சில் இல்லை. ஈகை என்ற பெயரில் மட்டும் அதன் சாயல் இருக்கிறது. ‘தா’வும் பல ஊர்களில் ‘குடு’வுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது.

‘ம்’ என்பதற்கு என்னதான் பொருள்?

சொல்கிற விதத்தைப் பொறுத்தது. கீழே இறங்கி முடிகிற சின்ன ‘ம்’ சம்மதம். மேலே ஏறினால் ‘என்ன?’ என்ற கேள்வி. நீண்டு அலைந்தால் யோசனை. ‘ம்ம்ம்’ என்று பெருமூச்சோடு வந்தால் ‘என்னத்தைச் சொல்ல’. சட்டென்று வெட்டினால் ‘போதும் நிறுத்து’. நடுவில் மூச்சு உடைந்து ‘ம்ஹூம்’ ஆனால் மறுப்பு. வாயைத் திறக்காமலே இத்தனையும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய வேலை இருக்கிறது: ‘ம்’ கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது பேரப்பிள்ளைகள் ‘ம்’ கொட்ட வேண்டும். இருட்டில் பாயில் படுத்திருக்கிற பிள்ளை தூங்கிவிட்டதா என்று பாட்டிக்குத் தெரிவது அந்த ‘ம்’ நின்றுபோவதில்தான். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா. ம். அந்த ராஜாவுக்கு ஏழு பொண்ணு. ம்.’ கதையின் நடையே அந்த ‘ம்’முக்கு இடம் விட்டுத்தான் அமைந்திருக்கும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவதும் இதே காரியம். சொல்கிறவரைத் தள்ளிக்கொண்டு போகிறவர் கேட்கிறவர்.

தொலைபேசியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நான்கைந்து வாக்கியம் பேசியும் எதிர்முனையில் ‘ம்’ வரவில்லை என்றால் ‘ஹலோ, லைன்ல இருக்கீங்களா?’ என்று கேட்டுவிடுகிறோம். ஆன்லைன் கூட்டங்களில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் அரை மணி நேரம் பேசினால் களைத்துப்போகிறார். அவரைத் தாங்கிப் பிடிக்க ஒரு ‘ம்’கூட இல்லை என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வாய்ப்பிருந்தால் ஓரிருவராவது மைக்கைத் திறந்து வையுங்கள்.

‘ம்’ வர ஒரு நொடி தாமதமானால் ஏன் மனது உறுத்துகிறது?

உறுத்தலில் நியாயம் இருக்கிறது. பத்து மொழிகளில் ‘ஆமா, இல்லை’ என்று பதில் வரக்கூடிய கேள்விகளை ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தது. ‘ஆமா’ என்கிற பதில் சீக்கிரம் வந்தது, ‘இல்லை’ என்கிற பதில் சற்றுத் தாமதித்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் ‘ஒரு அஞ்சாயிரம் கைமாத்தா கிடைக்குமா?’ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்த எவருக்கும் இது புதுச் செய்தி இல்லை. தாமதமாக வரும் ‘ம்…’ பெரும்பாலும் ‘ம்’ இல்லை.

சரியாகக் கேட்காதபோது ‘ஆங்?’ என்கிறோமே, அதுவும் ஒரு சொல்லா?

சொல்தான். மார்க் டிங்கமான்சே என்ற மொழியியலாளரும் அவர் சகாக்களும் 2013-இல் இதை ஆராய்ந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மொழிகளிலும், காதில் விழாததைத் திரும்பக் கேட்கும் ஒலி ஒரே மாதிரி இருக்கிறது: ஓர் அசை, கேள்வி ஏற்றம், வாயை அதிகம் அசைக்காத ஓர் உயிரொலி. எல்லா மொழிக்காரர்களுக்கும் அதே அவசரம். பேச்சு அறுந்துபோகும் முன் மிகக் குறைந்த முயற்சியில் ‘திரும்பச் சொல்’ என்று கேட்க வேண்டும். அந்த நெருக்கடியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். இந்த ஆய்வுக்கு 2015-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது.

நம் ‘ஆங்?’, ‘ஆ?’ எல்லாம் இந்த வகையில் அப்படியே பொருந்துகின்றன. பெரியவர்களிடம் இதைச் சொன்னால் ‘ஆங்கு என்ன ஆங்கு, என்னன்னு கேளு’ என்று அதட்டு விழும். அங்கேயும் கதை அதேதான், அசை போதவில்லை.

என் மகன் எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘ஏன்’, ‘ப்ச்’ என்றுதான் பதில் சொல்கிறான். என்ன செய்வது?

முதலில் கேள்வியைப் பாருங்கள். ‘ஸ்கூல் நல்லா போச்சா?’ ‘சாப்பிட்டியா?’ ‘ஹோம்வொர்க் முடிச்சாச்சா?’ மூன்றுக்குமே ‘ம்’ முழுமையான பதில். பதிலின் வகைகளை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. ‘கடைக்குப் போவாயா?’ என்றால் ‘போவேன்’ என்பதும் விடை, ‘கால் வலிக்கிறது’ என்பதும் விடை, ‘நீயே போ’ என்பதும் விடை. பதின்ம வயதுப் பிள்ளை இந்த எட்டையும் ஒரே ‘ம்’மில் தொனி மாற்றிச் சொல்லிவிடுகிறான். நாம் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, பதிலே சொல்லவில்லை என்கிறோம்.

‘ம்’மில் அடங்காத கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்: ‘இன்னிக்கு பி.டி. பீரியட்ல என்ன விளையாடினீங்க?’ கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அடுத்த கேள்வியை உடனே அடுக்கினால் அது விசாரணை ஆகிவிடும். முகத்துக்கு முகம் உட்கார்ந்து கேட்பதைவிட வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போதோ, கூட வைத்துக் காய் நறுக்கும்போதோ பேச்சு எளிதாக வரும்.

வீட்டில் சுருங்கிவிட்ட பிள்ளை நண்பர்களிடம் சளசளவென்று பேசுகிறான் என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றும் இல்லை. அங்கேயும் பேசுவதில்லை, தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கிறது, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டான், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் அது வயதுக் கோளாறு என்று தள்ளிவிடும் விஷயம் இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது; தமிழிலும் பேசலாம்.

வாட்ஸ்அப்பில் வெறும் ‘ம்’ அனுப்புவது ஏன் கோபமாகத் தெரிகிறது?

தொனி இல்லாமல் போய்விட்டதால். மேலே சொன்ன எல்லா ‘ம்’மும் எழுத்தில் ஒரே ‘ம்’தான். படிக்கிறவர் தன் மனநிலைக்கு ஏற்ற தொனியை அதில் ஏற்றிக்கொள்வார், ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்தால் மோசமானதையே தேர்ந்தெடுப்பார். ‘ஓகே’ சுருங்கி ‘கே’ ஆனபோதும் இதுதான் நடந்தது.

முற்றுப்புள்ளிகூட ஆளை மாற்றிவிடும். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள், 2016-இல் அது ஆய்விதழில் வந்தது. ஒற்றைச் சொல் பதில் குறுஞ்செய்தியாக வரும்போது, கடைசியில் புள்ளி இருந்தால் அதில் மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் கருதினார்கள். அதையே கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை.

நம் ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: நீட்டுவது. ‘வாஆஆ’, ‘ம்ம்ம்’, ‘சரிஇஇ’. ஒலியை நீட்ட வேண்டுமானால் அந்த அளவுக்கு எழுத்தைக் கூட்டிக்கொள் என்று தொல்காப்பியம் சொல்கிற அளபெடை விதியைத்தான் இவர்கள் கைப்பேசியில் செய்துகொண்டிருக்கிறார்கள். தமிழைக் கெடுக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அலுவலகக் குழுக்களில் மட்டும் ‘ம்’ வேண்டாம். ‘சரிங்க’, ‘பார்த்துட்டேன்’, ‘மாலைக்குள் அனுப்பிடறேன்’ என்று எழுத இரண்டு நொடி ஆகும்; எதிராளியின் அரை நாள் குழப்பம் மிச்சமாகும்.

‘ஆ’, ‘ஏ’, ‘ஓ’ சொல்லின் வாலில் ஒட்டும்போது என்ன ஆகிறது?

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘மாமா வந்தார்.’ செய்தி, அவ்வளவுதான். ‘மாமாவா வந்தார்?’ நம்ப முடியவில்லை. ‘மாமாவே வந்தார்.’ யாரையோ அனுப்பாமல் தானே வந்துவிட்டார், பெருமையும் நெகிழ்ச்சியும். ‘மாமாவோ வந்தார்…’ சித்தப்பா வரவில்லை என்ற மனக்குறை அடுத்த வாக்கியத்தில் வரப்போகிறது. ‘மாமா வந்தாரே!’ நீ எப்படி வரவில்லை என்கிறாய்? ‘மாமா வந்தாரோ?’ சந்தேகம்.

ஒரு குடும்பக் கல்யாணத்தின் அரசியல் முழுவதும் இந்த மூன்று உயிரெழுத்துக்குள் இருக்கிறது. மூன்றும் வினாவாக வரும் என்பதோடு நிற்காமல் ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு பொருள் என்று தொல்காப்பியம் எண்ணிக் கொடுத்திருப்பது இதனால்தான். தமிழ் கற்கும் வெளிநாட்டவர்களுக்கு நான் சொல்வது, வினைமுற்று அட்டவணைக்கு முன் இந்த மூன்றையும் காதால் பழகுங்கள் என்பதுதான்.

‘சீ’, ‘ச்சே’, ‘ப்ச்’ எல்லாம் கெட்ட சொற்களா?

‘சீ’ மட்டும் கொஞ்சம் கனமானது. ஆளைப் பார்த்துச் சொன்னால் காயம் ஆறாது. ‘சீ போ’ என்று காதலி சிணுங்கினால் கதையே வேறு. ‘ச்சே’ பெரும்பாலும் நிலைமையின் மேல் வரும் சலிப்பு, பேருந்தைத் தவறவிட்டால் தானாக வரும். ‘ப்ச்’ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற ஒலி. அதை ஒருமுறை செய்தால் எரிச்சல். இரண்டு மூன்று முறை மெதுவாகச் செய்தால் இரக்கம். அதைத்தான் உச்சுக் கொட்டுவது என்கிறோம்.

நேர்காணலில் சுருக்கமாகப் பதில் சொல்வது நல்லதா?

சுருக்கம் நல்லது, ஒற்றை அசை நல்லதில்லை. ‘தஞ்சாவூரா?’ என்று கேட்டால் ‘ஆமாங்க, பாபநாசம் பக்கம்’ என்று ஓர் அடி கூட வையுங்கள். மொட்டையாக ‘ம்’ என்றால் எதிரில் இருப்பவர் பயம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், திமிர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேர்வை அவர் கையில் ஏன் கொடுக்க வேண்டும்?

வயதான அப்பா சமீபமாக ‘ம்’ மட்டும் சொல்கிறார். கோபமா?

காதைச் சோதித்துப் பாருங்கள். சரியாகக் கேட்காதவர்கள் ‘ஆங்?’ என்று எத்தனை முறைதான் கேட்பார்கள்? கூச்சப்பட்டு ‘ம்’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். வெகுநாள் ‘ம்’முக்குப் பின்னால் இப்படி ஒரு செவிக் குறைபாடு இருப்பது சகஜம்.

மெதுவாக வந்த மாற்றம் வேறு, திடீரென்று வந்தது வேறு. நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று காலையில் ஒற்றைச் சொல்லில் திணறுகிறார், அல்லது குழறுகிறார். கூடவே வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தளர்கிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். அடுத்த நொடியே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

மூளையில் பேச்சு எங்கே உருவாகிறது என்பது முதலில் தெரிய வந்ததே ஓர் ஒற்றை அசையால்தான். பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்பார், பெரும்பாலும் ‘டான், டான்’ என்று இரண்டு முறை. அங்கே எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. தொனியை மாற்றியும் கையை அசைத்தும் தன் எண்ணத்தைச் சொல்லப் பார்ப்பார், புரியாவிட்டால் கோபப்படுவார். 1861-இல் அவர் இறந்த பிறகு பால் புரோகா என்ற மருத்துவர் மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்மடலில் சேதத்தைக் கண்டார். இன்றும் அந்தப் பகுதிக்குப் புரோகாவின் பெயர்தான். இப்படிப் பேச்சு இழந்தவர்களிடம், சொல் வரவில்லை என்பதற்காகக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசாதீர்கள். உள்ளே எண்ணம் இருக்கிறது. ‘காபியா, டீயா?’ என்று தேர்ந்தெடுக்க வசதியாகக் கேளுங்கள், பொருளைக் கையில் எடுத்துக் காட்டுங்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் அழைத்துச் செல்லுங்கள்.

குழந்தை எப்போது ஒற்றைச் சொல் பேச ஆரம்பிக்க வேண்டும்?

ஒரு வயதை ஒட்டி. ‘தா’, ‘வா’, ‘பூ’, ‘ப்பா’ என்று ஆரம்பிக்கும். ஒரே ‘தா’ பாலுக்கும் வரும், பந்துக்கும் வரும், தூக்கச் சொல்லியும் வரும். பதினாறு மாதம் ஆகியும் ஒரு சொல்கூட வரவில்லை, அல்லது இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் ‘அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாராம்’ என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரைப் பார்த்து, காதையும் சோதித்துவிடுங்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குழந்தை ‘பூ’ என்றால் ‘ஆமா, சிவப்புப் பூ’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘தா’ என்றால் ‘பந்து தா’ என்று சொல்லிவிட்டுப் பந்தைக் கொடுங்கள். திருத்தவோ திரும்பச் சொல்ல வற்புறுத்தவோ வேண்டாம்.